எழுமாறாக வராத எண்

திருநெல்வேலிப் பக்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை கொடுக்கும் வீடுகளில் வைஃபை பாஸ்வேர்ட் இலேசில் கிடைக்காது. வீட்டுக்காரர் இருபது எழுத்தில் ஒன்றைப் போட்டு வைத்திருப்பார். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார். பழைய மாடல்கள் பலவற்றின் அடியில், ஸ்டிக்கரில், 'டபிள்யூபிஎஸ் பின்' என்று எட்டு இலக்கம் அச்சிட்டிருக்கும். அதைச் சரியாகச் சொல்லும் கருவிக்கு ரவுட்டர் அந்த இருபது எழுத்தையும் தானாகவே கொடுத்துவிடும்.

எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மிச்சம் ஏழையும் ரவுட்டர் நான்கு, மூன்றாகப் பிரித்தே சோதிக்கிறது. ஆகவே 11,000 முயற்சி போதும் என்று 2011இல் ஸ்டெபான் ஃபீபொக் காட்டினார். அதன்பின் தயாரிப்பாளர்கள் பலர், சில தடவை பிழைத்தால் பின்னை முடக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள்.

2014இல் சுவிட்சர்லாந்தின் டொமினிக் பொங்கார் கண்டுபிடித்ததற்கு ஒரே முயற்சி போதும். பின்னின் ஒவ்வொரு பாதியையும் ரவுட்டர் ஓர் இரகசிய எண்ணோடு சேர்த்து, திருப்பிக் கணிக்க முடியாத ஹாஷ் ஆக்கி அனுப்பும். இரகசிய எண் 128 பிட் நீளம். எழுமாறாக வந்திருந்தால் எவராலும் ஊகிக்க முடியாது. ராலிங்க் சிப்புகள் பலவற்றில் அது என்ன தெரியுமா? பூச்சியம். இரண்டு பாதிக்கும் பூச்சியம்! புரோட்காம் சிப்புகள் சிலவற்றில் ஒரு சாதாரண சூத்திரம் முந்திய எண்ணிலிருந்து அடுத்ததைக் கணித்தது. அதே சூத்திரத்தில் பிறந்த வேறோர் எண்ணை ரவுட்டர் மறைக்காமலே அனுப்பியிருந்தது. தாயம் உருட்டுகிறவர் அடுத்து என்ன விழும் என்று சொல்லிவிட்டு உருட்டுவது மாதிரித்தான். பிறகு பின்னைக் கண்டுபிடிப்பது ஒழுங்கையில் நிற்பவரின் மடிக்கணினிக்குச் சின்ன வேலை.

கணினி என்றால் விசைப்பலகைத் தட்டல், மவுஸ் அசைவு என்று ஒழுங்கற்ற நேரங்களிலிருந்து எழுமாற்று எண் எடுக்கும். ரவுட்டருக்கு அதெல்லாம் இல்லை. கரண்ட் வந்ததும் ஒவ்வொரு தடவையும் அதே படிகளில் எழும்புகிறது. மின்சுற்றின் வெப்ப இரைச்சலை அளந்து எண் எடுக்கும் பகுதியைச் சிப்பிலேயே வைக்கலாம். வைத்தாலும், மென்பொருள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2016இல் பெல்ஜியத்தின் மத்தி வன்ஹூஃப், மீடியாடெக் சிப்புள்ள ரவுட்டர்கள் சில, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சாவியைத் தங்கள் கடிகாரத்தை நம்பியே உருவாக்குவதைக் காட்டினார். எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை ரவுட்டரே செக்கனுக்குப் பத்துத் தடவை அறிவிக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த அறிவிப்பும் தேவையில்லை. கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்று ஊருக்கே தெரியும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்திவிடலாம். பழையவை சில, நிறுத்தியதாகக் காட்டிக்கொண்டே பின்னை ஏற்கும். அப்படிப்பட்டதற்குப் புதிய ஃபேர்ம்வெயரும் வராவிட்டால், வேறு ரவுட்டர் வாங்குவதுதான் வழி.