நிலத்தோடு இயைந்த இல்லம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதல் இரண்டும் ஊர்விட்டு ஊர் செல்லக்கூடியவை. தஞ்சையில் விளைந்த நெல் புனேயில் சோறாகும்; காஞ்சியில் நெய்த பட்டு எந்த நாட்டிலும் உடுக்கப்படும். உறையுள் அவ்வாறன்று. வீடு தான் நிற்கும் நிலத்தைவிட்டு நகராது. அந்நிலத்தின் வெயிலையும் மழையையும் காற்றையும் அது நாள்தோறும் தாங்கியாக வேண்டும். எனவே, நிலத்தின் இயல்பை அறிந்து கட்டப்பட்ட வீடே நல்ல வீடாகும்.

மண்ணுக்கேற்ற வீடுகள்

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர். நிலம் மாறினால் தொழிலும் உணவும் மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வீடும் அவ்வாறே மாறியது. வெப்பம் மிகுந்த செட்டிநாட்டில், வீட்டின் நடுவே திறந்த முற்றம் அமைந்தது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பப் புதிய காற்று அறைகளின் வழியே உள்ளே வரும். தடித்த சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் வெப்பத்தைத் தடுத்தன.

வானவடி அமைந்துள்ள புனே நகரம், தக்காணப் பீடபூமியின் மேற்குப் பகுதியில், சகியாத்திரி மலைத்தொடரை அடுத்துள்ளது. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து இறுகிய கரும்பாறையே இந்நிலத்தின் அடித்தளம். ஆகவே, இங்கு வாழ்ந்தோர் கருங்கல்லால் அடித்தளம் அமைத்து, அதன்மேல் செங்கல்லும் மரமும் கொண்டு ‘வாடா’ எனப்படும் வீடுகளை எழுப்பினர். 1732-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சனிவார் வாடாவின் மாளிகைகள் 1828-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. கருங்கல் அடித்தளமும் கோட்டை மதிலும் இன்றும் நிற்கின்றன.

வாடாவின் நடுவிலும் ‘சௌக்’ என்னும் திறந்த முற்றம் உண்டு. மொழி வேறு, கல் வேறு. ஆயினும் வெயிலுக்கு இரு நிலத்தாரும் கண்ட விடை முற்றமே ஆகும்.

பேக்கர் காட்டிய வழி

பழைய வீடுகளின் அறிவைப் புதிய கட்டடக் கலையோடு இணைத்தவர் லாரி பேக்கர். இவர் 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்து திரும்பும் வழியில், பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். சிற்றூர் வீடு ஒன்று, ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அக்கருத்தைப் பேக்கர் தம் வாழ்நாள் முழுதும் போற்றினார்.

இந்தியாவிலேயே தங்கிவிட்ட பேக்கர், இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூர் மக்கள், அருகில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு குளிரையும் மழையையும் வெல்லும் வீடுகளைக் கட்டியிருந்ததை அங்கே கண்டார்; அவர்களிடம் மாணவராகிக் கற்றார். பின்னர்க் கேரளத்தில் குடியேறினார். திருவனந்தபுரத்தில், பாறைகள் நிறைந்த செங்குத்தான சரிவில் தம் இல்லத்தை அமைத்தார். சரிவை வெட்டிச் சமமாக்காமல், அதன் ஏற்ற இறக்கத்திற்கேற்பவே அறைகளைக் கட்டினார். அந்நகரின் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்திலும் மரங்களைக் காத்து, குன்றின் போக்கிற்கேற்பக் கட்டடங்களை அமைத்தார்.

சிக்கனமும் குளிர்ச்சியும்

பேக்கர் கையாண்ட முறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகப் படுக்கவைத்து அடுக்கும் செங்கற்களை இம்முறையில் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்குவர். இரு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் உண்டாகும். அங்குள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. செங்கற்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் மிச்சமாகும்.

இரண்டாவது, ஓடுகள் பதித்த கான்கிரீட் கூரை. இரு பக்கம் தாங்கிய கூரையின் நடுப்பகுதியில், கீழ்ப்புறத்தில் உண்டாகும் இழுவிசையைக் கம்பிகளே தாங்குகின்றன; அங்குள்ள கான்கிரீட்டின் பங்கு மிகச் சிறிது. எனவே, கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமெண்டும் எடையும் குறையும்.

மூன்றாவது, துளைச்சுவர். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்குவதால் காற்றும் ஒளியும் உள்ளே வரும். கண்ணைக் கூசச்செய்யும் வெயில் வாராது. தனியே சன்னல் செய்யும் செலவும் இல்லை.

1990-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007-ஆம் ஆண்டு மறைந்தார்.

சரிவு கூறும் எச்சரிக்கை

இன்று நகரத்தார் பலர் முல்சி, பான்ஷெத் போன்ற மலைப்பகுதிகளில் பண்ணை வீடுகள் கட்ட விரும்புகின்றனர். அங்கே அழகைவிட முதன்மையானது ஒன்று உண்டு. மரத்தின் வேர் சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடை மழைநீரைக் கீழே கொண்டு செல்கிறது. மரத்தை வெட்டி, ஓடையை மூடி, சரிவை நேராக வெட்டினால் மண் தன் பிடிப்பை இழக்கும். 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், புனே மாவட்டத்தின் மாளீண் என்னும் சிற்றூர், பெருமழையால் சரிந்த மலைமண்ணில் புதையுண்டது. ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். மலைச்சரிவில் மண்ணின் நிலைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது. நிலத்தோடு இயைவது அழகுக்காக மட்டுமன்று, உயிர்க்காப்புக்காகவும் ஆகும்.

சொல்லும் வீடும்

திண்ணை, ரேழி, தாழ்வாரம், முற்றம், கொல்லை ஆகியவை தமிழ் வீட்டின் உறுப்புகள். வழிப்போக்கருக்கு இளைப்பாறத் திண்ணை. மழைச்சாரல் உள்ளே வாராதிருக்கத் தாழ்வாரம். கிணற்றுக்கும் வாழைக்கும் கொல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு தேவையின் பெயர். அடுக்ககங்களில் இவ்வுறுப்புகள் இல்லாமையால் இச்சொற்களும் வழக்கில் அருகி வருகின்றன. ஆயினும், இவற்றின் பயனை அடுக்ககத்திலும் ஓரளவு பெறலாம். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் காற்று வீட்டினூடே செல்லும். மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ கொடியோ அமைத்தால் பிற்பகல் வெயில் தணியும். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்க்கலாம். நிலத்தைக் கேட்டுக் கட்டுவதே முன்னோர் விட்டுச்சென்ற அறிவு. அது கூரையின் வடிவம் மாறினாலும் மாறாது.

சிந்தித்து விடை தருக

1. முற்றம் வீட்டிற்குள் காற்றோட்டத்தை எவ்வாறு உண்டாக்குகிறது?
2. எலிப்பொறிக் கட்டினால் விளையும் இரு நன்மைகளைக் கூறுக.
3. மலைச்சரிவில் மரங்களையும் ஓடைகளையும் காப்பது ஏன் இன்றியமையாதது?
4. உம் தாத்தா, பாட்டி வாழ்ந்த வீட்டின் உறுப்புகளை அவர்களிடம் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களையும் பயன்களையும் எழுதுக.