கீழாநெல்லி: செடியும் ஆராய்ச்சியும்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நஞ்சை வரப்புகளில், மழை கண்டவுடன் தானாக முளைக்கும் பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்றாகும். காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களில் இதனை அறியாத குடியானவர் இலர். கண் மஞ்சளித்தவர்களுக்கு இப்பூண்டை வேருடன் பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டில் வெகுகாலமாக உள்ள வழக்கம். களையென்று பிடுங்கி எறியப்படும் இச்செடி, உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளின் கவனத்தையும் கவர்ந்துள்ளது. அவ்வாராய்ச்சி கண்டது யாது, காணாதது யாது என்பதைப் பயிரிடுவோரும் உட்கொள்வோரும் அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

ஆராய்ச்சியின் வரலாறு

ஈரலைத் தாக்கும் ‘பி’ வகை வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளம்பர்க் என்பவரும், சென்னையில் ஆராய்ச்சி நடத்திய எஸ். பி. தியாகராஜன் முதலியோரும் சேர்ந்து இச்செடியைச் சோதித்தனர். அவ்வைரஸை உடலில் நெடுநாளாகத் தாங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாட்கள் கொடுத்தனர்; மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் பொடியைக் கொடுத்தனர். பின்னர் இரத்தத்தைப் பரிசோதித்ததில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. இம்முடிவு 1988-இல் லண்டன் வைத்தியப் பத்திரிகையான ‘லான்செட்’டில் வெளிவந்தது.

இதைக் கண்டு பிற தேசத்தாரும் சோதனை தொடங்கினர். ஆயின் தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய இடங்களில் அத்தகைய பலன் கிட்டவில்லை. 2011-இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் பதினாறு சோதனைகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்து, இந்நோய்க்கு இச்செடி பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு செய்தனர். செடியின் இனம், விளைந்த நிலம், பறித்த பருவம், உலர்த்திய விதம் ஆகியவை வேறுபட்டால் குணமும் வேறுபடலாம் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. ஆகவே, இச்செடி பயனற்றது என்று தள்ளுவதற்கும் இடமில்லை. இதுவே போதுமென்று நம்பியிருப்பதற்கும் இடமில்லை.

காமாலை ஓர் அறிகுறியே

காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அசுத்த நீரால் பரவும் ‘ஏ’, ‘ஈ’ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். அக்காலத்தில் உண்ட மருந்து எதுவாயினும் அதற்கே பெயர் வந்துவிடுகிறது. ஆயினும் கர்ப்பிணிகளுக்கு ‘ஈ’ வகை உயிருக்கே ஆபத்தாகக்கூடும். பித்தப்பைக் கல்லாலும் கண் மஞ்சளிக்கும்.

நஞ்சை வேலை செய்வோர் சிறப்பாக அஞ்சவேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், காலில் புண்ணுடன் இறங்குவோரை இது பற்றும். கடுஞ்சுரமும், கெண்டைக்கால் வலியும், கண் சிவத்தலும் தோன்றிப் பின்னர்ச் சிலருக்குக் காமாலையும் காணும், சிறுநீரகமும் கெடும். இதற்குரிய மருந்துகள் மருத்துவமனைகளில் உள்ளன. காலத்தில் கொடுத்தால் பிழைக்கலாம். ஒரு வாரம் பச்சிலை பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று தாமதிப்பதே உயிர்ச் சேதத்திற்குக் காரணமாகும். எனவே, கண் மஞ்சளித்தால் முதலில் அரசு மருத்துவமனையில் இரத்தம் பரிசோதித்தல் வேண்டும். ‘பி’ வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும்.

செடியின் அடையாளம்

உண்மைக் கீழாநெல்லி ஏறக்குறைய ஓர் அடி, ஒன்றரை அடி உயரம் வளரும். சிற்றிலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். அவற்றின் கீழே கடுகளவில், வழுவழுப்பான காய்கள் சிறு காம்புடன் தொங்கும். இதனை ஒத்த வேறு பூண்டுகளும் உள. தண்டு சிவந்து, காய் காம்பின்றிச் சொரசொரப்பாக இருப்பது வேறு இனம். மேலாநெல்லியும் வேறே. கடைச் சரக்கில் இவை கலந்து வருதல் உண்டு. விற்பனைக்குப் பறிப்போர் ஓரினத்தையே பறித்தால் சரக்குக்கு மதிப்பு உயரும்.

பயிரிடும் முறை

காய் முற்றினால் வெடித்து விதை சிதறிவிடுமாதலால், சற்று முன்னதாகவே செடியை எடுத்துத் துணிமேல் உலர்த்தி விதை சேர்த்தல் வேண்டும். விதை மிக நுண்ணியது. மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். ஏறக்குறைய ஒரு மாத நாற்றை, வரிசைக்கு 15 சென்டிமீட்டரும் செடிக்கு 10 சென்டிமீட்டருமாக இடைவெளி விட்டு நடலாம். மக்கிய தொழு உரம் போதும். களையைக் கையால் எடுத்தலே நன்று. வாங்குவோரை முன்னரே தேடிக்கொண்டு, முதலில் சில சென்ட் நிலத்தில் மட்டும் பயிரிட்டுப் பார்ப்பது விவேகம்.

பறித்தலும் உலர்த்தலும்

நட்ட மூன்று மாதங்களுக்குள், இலை பசுமையாக இருக்கும்போதே பறித்தல் வேண்டும். மருந்துச் சத்தின் பெரும்பகுதி இலையில் உள்ளது. மண் போகக் கழுவி, நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிடவேண்டும். குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். சிலவகைப் பூசணங்கள் உண்டாக்கும் நஞ்சு ஈரலையே கெடுப்பதாகும். ஈரலுக்கென்று உண்ணும் மருந்தே ஈரலுக்குப் பகையாதல் கூடாது.

திராட்சைப் பந்தலின் அடியிலும், களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் முளைத்ததை ஒருபோதும் மருந்துக்கு எடுக்கலாகாது. வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி ஒதுக்கினால், ஐயமற்ற தூய செடி கைக்கெட்டும் இடத்தில் கிடைக்கும். பரிசோதனையில் நோய் இன்னதென்று தெரிந்தபின், பட்டம் பெற்ற சித்த வைத்தியரின் யோசனைப்படி அதனை உபயோகித்தல் நலம். செடியைப் பேணுதல் குடியானவர் கடமை; நோயை நிர்ணயித்தல் வைத்தியர் கடமை. இரண்டும் தத்தம் இடத்தில் நின்றால் இச்சிறு பூண்டினால் ஊருக்கு நன்மையே விளையும்.