பாறு கழுகு கூட்டை நெருங்கி போட்டோ எடுத்தால் 'வேட்டை' கேஸா? சட்டம் சொல்வது என்ன?

நீலகிரிக்கு டூர் போகிறவர்கள் கையில் ஜூம் கேமரா இப்போது சகஜம். மசினகுடியைத் தாண்டிய மாயாறு பள்ளத்தாக்கில், உயரமான நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் ஜோடியாகக் கூடு கட்டுகின்றன. அதைக் கிட்டப்போய் படம் எடுக்கலாமா?

கிட்டப்போனால் என்ன ஆகும்?

ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆள் நெருங்கினால் பறவை எழுந்து பறந்துவிடும். முட்டை வெயிலில் காயும், காக்கை கொத்தும். அது போனால் பெரும்பாலும் அந்த வருஷமே போச்சு.

ஒரு முட்டை அவ்வளவு முக்கியமா?

ஆமாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்துதான் காரணம். அந்த மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 1990-களில் தொடங்கிய இந்தச் சரிவில், இந்தியாவில் இந்த இனம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

படம் எடுப்பது மட்டுமே வேட்டை ஆகாது. ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை'தான். பாறு கழுகு முதல் அட்டவணையில் இருப்பதால் சிறைத் தண்டனையும் உண்டு.

அப்போ எப்படி எடுப்பது?

வனத்துறை அனுமதித்த பாதையில் நின்று, வானத்தில் வட்டமிடும்போது எடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டாலும், லொகேஷனைப் போஸ்ட் பண்ணாதீர்கள்.