மரம் இல்லாத தேக்கு: மீட்டர் கேஜ் பெட்டிக்கு வண்ணம் பூசுவது எப்படி?

நிஜத் தேக்கை மெல்லிசா சீவி, அதுல ஒரு குட்டி ரயில் பெட்டி செஞ்சு வைச்சீங்கன்னா, அது தேக்குப் பெட்டியாவே தெரியாது. நாம செய்யற அளவு எச்.ஓ., அதாவது 87-ல ஒரு பங்கு. 2 மீட்டர் உயரக் கதவு இதுல 23 மில்லிமீட்டர்தான். ஆனா மரத்தோட ரேகை நம்ம சொல்படி சுருங்காது. பலகையில 3 மில்லிமீட்டர் இடைவெளியில ஓடற ரேகை, அந்தக் குட்டிப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 26 சென்டிமீட்டர் இடைவெளி ஆயிடும். அப்படி ஒரு மரம் எந்தக் காட்டுலயும் கிடையாது.

அதனால மரம் வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டி, பெயிண்ட், ஒரு பழைய பட்டை பிரஷ். இது போதும்.

எந்தப் பெட்டின்னு முதல்ல முடிவு பண்ணிக்குவோம். நான் எடுத்திருக்கறது விழுப்புரம் பாசஞ்சர். சென்னையிலேர்ந்து திண்டிவனம் வழியா தெற்கே போன மீட்டர் கேஜ் பாதை 1870-கள்ல போட்டது. 1879-ல புதுச்சேரிக்குக் கிளைப்பாதை வந்துச்சு. சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரின்னு அஞ்சு பக்கமும் தண்டவாளம் பிரியற ஊர் விழுப்புரம். 1960-கள்ல தாம்பரத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் 25,000 வோல்ட் மின்கம்பியும் வந்துச்சு. ஜப்பான்ல செஞ்ச யாம்-1 எஞ்சின் இழுத்த பாதை இது. இந்தச் சென்னை-விழுப்புரம் பாதையைத் தவிர நாட்டுல வேற எங்கயும் மீட்டர் கேஜுக்கு இந்த 25,000 வோல்ட் மின்சாரம் கிடைக்கல.

பொம்மை ரயில்காரங்களுக்கு மீட்டர் கேஜுல ஒரு லாபம் உண்டு. ஒரு மீட்டரை 87-ஆல வகுத்தா 11.5. கடையில கிடைக்கற தண்டவாளம் 12 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட சரி. அகலப் பாதைன்னா 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும், ஆனா எல்லாரும் 16.5-லதான் ஓட்டறோம். யாரும் வாயைத் திறக்கறதில்ல!

சரி, இந்தப் பெட்டியில மரம் எங்க இருக்கு? வெளியில பெரும்பாலும் செங்காவி பெயிண்ட்தான். அதனால முழுப் பெட்டியையும் பளபளன்னு தேக்கு நிறத்துல செஞ்சு 'விழுப்புரம் பாசஞ்சர்'னு எழுதி வைச்சா அது கற்பனை. மரம் தெரியறது உள்ள: பட்டை பட்டையா சட்டம் அடிச்ச சீட்டு, சன்னல்ல ஏத்தி இறக்கற மர ஷட்டர், கதவோட உள்பக்கம். 1955-ல பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை இரும்பு உடம்புப் பெட்டி செய்ய ஆரம்பிச்ச பிறகும், சாதாரண வகுப்புல உட்கார மரச்சட்ட சீட்டுதான் இருந்துச்சு.

வெளியிலயும் முழுக்க வார்னிஷ் தேக்கு வேணும்னா, அதுக்குப் பேர்போனது இங்கிலாந்தோட எல்.என்.இ.ஆர். ரயில் கம்பெனிப் பெட்டிகள். அந்தக் கம்பெனி 1940-கள்ல இரும்புத் தகடு அடிச்ச பெட்டி செஞ்சப்ப, அதுமேலயும் தேக்கு மாதிரியே பெயிண்ட் அடிச்சு ஓட்டினாங்க. நிஜ ரயிலே போலித் தேக்குல ஓடியிருக்கும்போது நமக்கென்ன கூச்சம்?

இந்த வேலை தெரிஞ்சவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. இரும்புக் கதவுக்கும் கேட்டுக்கும் 'தேக்கு டிசைன்' போடற பெயிண்டர். அவர் செய்யறதைப் பாருங்க. முதல்ல வெளிர் நிறம். அது நல்லா காய்ஞ்சதும் மேல கரும்பழுப்பு. அது ஈரமா இருக்கும்போதே காய்ஞ்ச பிரஷ்ஷால இழுக்கறார். மேல் பூச்சு விலகின இடத்துல அடிநிறம் தெரியுது. ரேகையை அவர் வரையறதே இல்ல, துடைச்சுத்தான் எடுக்கறார். நம்ம வேலையோட சூட்சுமம் மொத்தமும் இதுதான். மெல்லிசு பிரஷ்ஷால ஒவ்வொரு கோடா போட்டீங்கன்னா பெட்டி வரிக்குதிரை ஆயிடும்.

[திரையில்: பெட்டியின் பக்கவாட்டுத் துண்டு, அருகில் மூன்று வண்ணக் குழாய்கள்]

பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணியில கழுவி, நைசான உப்புத்தாள் லேசா போட்டு, சாம்பல் பிரைமர் அடிச்சிருக்கேன். அடிநிறம் அக்ரிலிக். யெல்லோ ஓக்கர், வெள்ளை, துளி பர்ன்ட் சியன்னா. பிஸ்கட் நிறம் வரணும். 'இவ்வளவு வெளுப்பா?'ன்னு தோணும். விடுங்க, மேல வர்ற ஒவ்வொரு பூச்சும் இதைக் கருக்கும்.

அடுத்ததை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. எனக்கு ரேகையை விட இதுதான் முக்கியம். எந்த ரெண்டு பலகையும் ஒரே நிறத்துல இருக்காது. அதனால அடிநிறத்துல கொஞ்சம் சிவப்பு கூட்டி ஒண்ணு, கொஞ்சம் மஞ்சள் கூட்டி ஒண்ணு கலந்து, அங்கங்க ஒரு பலகை, ஒரு சீட்டுச் சட்டம்னு மாத்தி அடிங்க. வரிசையா மாத்தாதீங்க, செங்கல் அடுக்கின மாதிரி ஆயிடும். ஒரு அடி தள்ளி நின்னு பாக்கறப்ப, கண்ணுக்கு மரம்னு சொல்றது இந்த ஏற்ற இறக்கம்தான்.

மேல் பூச்சுக்கு ஆயில் கலர். பர்ன்ட் அம்பர், துளி பர்ன்ட் சியன்னா. அக்ரிலிக் சட்டுனு காய்ஞ்சிடும், இழுக்க நேரமே தராது. ஆயில் மணிக்கணக்குல ஈரமா இருக்கும், பிடிக்கலன்னா துணியால துடைச்சுட்டு மறுபடி போடலாம். கறுப்பு சேர்க்காதீங்க, அழுக்காத் தெரியும். டர்பன்டைன் ரெண்டு சொட்டுக்கு மேல வேண்டாம். பூசி, பத்து நிமிஷம் விட்டு, காய்ஞ்ச பட்டை பிரஷ்ஷால ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில துடைங்க. முக்கால்வாசி பெயிண்ட் பிரஷ்ஷோடயே போயிடணும்.

எந்தப் பக்கம் இழுக்கறது? சட்டம் எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம். நிக்கற சட்டத்துல ரேகை மேலேர்ந்து கீழே, குறுக்குச் சட்டத்துல இடவலமா. ரெண்டும் சேர்ற மூலையில ரேகை முட்டி நிக்கணும், வளைஞ்சு திரும்பக் கூடாது. சந்தேகம்னா ஒரு பழைய நிலைக்கதவு முன்னாடி போய் நில்லுங்க, ஆசாரி எல்லாத்தையும் அங்க எழுதி வைச்சிருக்கார்.

ஷட்டருக்கும் சீட்டுக்கும் ஒரே தேக்கு போதாது. தேக்கு வார்னிஷ் போய் வெயில்லயும் மழையிலயும் கிடந்தா வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குப் போகும். அதனால ஷட்டரோட வெளிப்பக்கத்துல சாம்பல் கலந்த வெளிர் நிறத்தை, பிரஷ்ல இருக்கா இல்லையாங்கற அளவு, தடவுங்க. உள்பக்கம் கரும்பழுப்பாவே இருக்கட்டும். சீட்டுல ஆள் உட்கார்ற நடுப்பகுதி வேட்டியும் புடவையும் உரசி வழவழன்னு இருக்கும், சந்துல அழுக்கு சேர்ந்திருக்கும். நடுவுல கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ், சந்துல அம்பர். மத்த இடமெல்லாம் அரைப் பளபளப்பு. முழுப் பளபளப்பு போட்டா கல்யாண மண்டப நாற்காலிதான்.

ஆயில் காய நாள் ஆகும், வார்னிஷ் அதுக்கப்புறம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீங்க. காத்துல இருக்கற ஈரம் பூச்சுல மாட்டி வெள்ளையாப் பூக்கும். சித்திரை, வைகாசியில விழுப்புரத்து வெயில் இந்த வேலைக்கு நல்லது. ஆனா மொட்டைமாடியில வைக்காதீங்க, பிளாஸ்டிக் வளைஞ்சிடும். நிழல்ல, தூசி படாம மூடி வைச்சா போதும்.

சன்னல் கண்ணாடியைக் கடைசியா ஒட்டுங்க. ஃபெவிக்விக் வேண்டாம், அதோட ஆவி கண்ணாடியில வெள்ளையாப் படிஞ்சு நீங்க உள்ள அடிச்ச தேக்கு எதுவுமே தெரியாமப் போயிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலை ஊசி முனையில தொட்டு ஓரத்துல வைச்சா, காய்ஞ்சதும் கண்ணுக்கே தெரியாது.