முதுகை யார் கையில் கொடுக்கலாம்? ஆஸ்டியோபதி பற்றி ஒரு வடசென்னை எபிசோட்

இன்னைக்கு முதுகுவலி பற்றிப் பேசப் போறோம். குறிப்பா ஆஸ்டியோபதி. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஒருத்தர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருத்தர் அவரைத் திருப்பி ஒரு அழுத்து அழுத்துவார், ‘டொக்’குன்னு சத்தம் வரும், படுத்திருந்தவர் சிரிச்சிக்கிட்டே எழுந்திருப்பார். அதைப் பார்த்து, "நாமளும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா?"ன்னு நிறைய பேருக்குத் தோணுது. போகலாமா, வேணாமா? போனா எதை எதிர்பார்க்கலாம்? போறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்? அதுதான் இந்த எபிசோட்.

ஒரு ட்ரெய்லர் டிரைவரின் முதுகு

ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்குவோம். வயசு 34, வீடு திருவொற்றியூர். கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறார். துறைமுகத்துக்குள்ள போக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நிக்கணும். பத்தடி நகரும், நிக்கும். மறுபடி பத்தடி. கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு இடது கால் மரத்துப்போகும். மணிக்கணக்கா அதே சீட், அதே அதிர்வு. ஒருநாள் கீழே இறங்கும்போது இடுப்பு அப்படியே பிடிச்சுக்குது. நிமிர முடியலை.

இப்போ அவர் முன்னாடி நாலு வழி. ஒண்ணு, மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை. ரெண்டு, ‘புத்தூர் கட்டு’ன்னு போர்டு வெச்சிருக்கிற எலும்பு வைத்தியர். மூணு, ரீல்ஸ்ல பார்த்த ஆஸ்டியோபதி கிளினிக். நாலு, ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனை. கூட ஓட்டுற அண்ணன் சொல்றார்: "தம்பி, எலும்பு விலகியிருக்கும்டா. ஒரு சொடுக்கு எடுத்தா நாளைக்கே வண்டி எடுக்கலாம்." அந்த ‘நாளைக்கே’ங்கிற வார்த்தைதான் இங்க முக்கியம். வண்டி எடுக்கலைன்னா அன்னைக்குக் காசு கிடையாது.

இந்தப் பகுதிக்கும் முதுகுவலிக்கும் பழைய உறவு. ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். துறைமுகம் 1881-ல். அப்புறம் எண்ணூர்ல அசோக் லேலண்ட், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். எல்லாமே தூக்குறது, இறக்குறது, குனியுறது, ஓட்டுறது சார்ந்த வேலைகள். முதுகுவலியோடு திரும்பத் திரும்ப சேர்த்துச் சொல்லப்படுற காரணங்களும் இவைதான்: அதிக எடை, திரும்பத் திரும்பக் குனிதல், வண்டியின் அதிர்வு உடம்பு முழுக்க ஏறுறது. வளர்ந்த ஆண் ஒருத்தர் கையால் தூக்குற எடைக்கு 55 கிலோவை எல்லையா வைக்கணும்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைச்சது. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. கணக்குக்கு அது எல்லைக்குள்ளதான் வருது. ஆனா ஒரு லோடுமேன் ஒரு நாளைக்கு ஒரு மூட்டையோட நிறுத்துறதில்லையே.

ஆஸ்டியோபதின்னா என்ன?

இதைத் தொடங்கினவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்ங்கிற அமெரிக்க மருத்துவர். அவர் காலத்து மருந்துகள் மேல அவருக்கு நம்பிக்கை போயிடுச்சு. எலும்பும் தசையும் சரியா இயங்கினா உடம்பு தன்னைத் தானே சரிபண்ணிக்கும்னு 1874-ல் சொல்ல ஆரம்பிச்சார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கினார்.

அதுக்கப்புறம் அது ஊருக்கு ஒரு மாதிரி வளர்ந்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படிச்சவங்க முழு மருத்துவர்கள். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் அவங்க டாக்டர் இல்லை, கையால் சிகிச்சை தர்றவங்க. ஆனா 1993-ல் வந்த சட்டப்படி பதிவு செய்யாம யாரும் தன்னை ஆஸ்டியோபத்னு சொல்லிக்க முடியாது.

இந்தியாவில்? 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்குன்னு ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதில் பிசியோதெரபிக்குத் தனி இடம் இருக்கு, ஆஸ்டியோபதிக்குத் தனி இடம் இல்லை. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் வர்ற ஆயுஷ் பட்டியலிலும் அது இல்லை. அதனால ‘ஆஸ்டியோபத்’ங்கிற போர்டை மட்டும் பார்த்து உள்ளே இருக்கிறவர் என்ன படிச்சவர்னு சொல்ல முடியாது. பல வருஷம் பிசியோதெரபி படிச்சு, அதுக்கு மேல பயிற்சி எடுத்தவராவும் இருக்கலாம். சில நாள் வகுப்புக்குப் போய்ட்டு வந்தவராவும் இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

நல்ல சிகிச்சையாளர் முதல்ல தொட மாட்டார், கேட்பார். வலி எப்போ வந்தது? காலுக்கு இறங்குதா? ராத்திரி எழுப்புதா? என்ன வேலை? அப்புறம் நிக்கச் சொல்லி, குனியச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். அதுக்கப்புறம்தான் படுக்க வைப்பார். தசையை அழுத்தி நீவுறது, மூட்டை மெதுவா அசைச்சுப் பார்க்கிறது, சில சமயம் சட்டுன்னு ஒரு அழுத்தம். ‘டொக்’ சத்தம் அப்போதான் வரும்.

அந்தச் சத்தம் என்ன? எலும்பு உள்ளே போன சத்தம் இல்லை. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டுன்னு குறையும்போது வாயுக் குமிழ் உருவாகும், அதோட சத்தம். விரல்ல நெட்டி முறிச்சா வருதே, அதே கதைதான். முதுகெலும்பு அவ்வளவு சுலபமா விலகுற பொருளும் இல்லை. ஒருத்தர் கையால் தள்ளி உள்ளே வைக்கிற அளவுக்கு அது லேசா விலகும்னா, மூட்டை தூக்குறவங்க யாரும் நடமாடவே முடியாது.

அப்போ வலி ஏன் குறையுது? இறுகின தசை கொஞ்சம் தளருது. தொடுதலும் அசைவும் வலியைக் கடத்துற நரம்புகளைக் கொஞ்ச நேரம் அமைதியாக்குது. ‘இனிமே பயமில்லை’ங்கிற நம்பிக்கையும் வேலை செய்யுது. இது எதுவும் பொய் இல்லை. ஆனா பெரும்பாலும் தற்காலிகம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. திடீர்னு வர்ற முதுகுவலி பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்தில் தானாவே குறையுது. முதல் வாரம் மாத்திரை, ரெண்டாவது வாரம் தைலம், மூணாவது வாரம் யார்கிட்ட போறோமோ அவருக்குப் பேர். ‘கைராசிக்காரர்’னு நாம சொல்ற பல பேருக்கு அந்தப் பேர் இப்படியும் வந்திருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

2021-ல் பிரான்ஸில் ஒரு ஆய்வு வெளியானது. முதுகுவலி இருந்த 400 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி, மீதிப் பேருக்குச் சும்மா லேசா தொடுற போலி சிகிச்சை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு தடவை. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, உண்மையான சிகிச்சை எடுத்தவங்க அன்றாட வேலைகளைச் செய்யறதில் கொஞ்சம் முன்னாடி இருந்தாங்க. ஆனா அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது, நூறு மதிப்பெண் அளவுகோலில் நாலு மதிப்பெண் கூட இல்லை. வாழ்க்கையில் அது உணரக்கூடிய மாற்றமாங்கிறது சந்தேகம்னு ஆய்வாளர்களே சொன்னாங்க.

நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்றது, மனநல ஆதரவு, இதுகளோட முதுகெலும்பை அசைக்கிற சிகிச்சையும் மசாஜும் பரிந்துரையில் இருக்கு. வேண்டாம்னு சொன்னதில் என்ன இருக்கு தெரியுமா? இடுப்பு பெல்ட். நம்ம ஊர்ல மெடிக்கல் ஷாப்ல முதல்ல வாங்குறது அதைத்தான். பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: கையால் செய்ற சிகிச்சையைத் தனியா கொடுக்காதீங்க, உடற்பயிற்சியோட சேர்த்துத்தான் கொடுக்கணும்.

அதனால இந்த எபிசோடில் ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்குங்க. கையால் செய்யும் சிகிச்சை சில நாளைக்கு வலியைக் குறைச்சுக் கொடுக்கலாம். அந்தச் சில நாளில் நீங்க நடந்து, அசைஞ்சு, பயிற்சி செய்ய ஆரம்பிச்சாதான் அது பலன். மறுபடி போய்ப் படுத்துக்கிட்டா செலவு மட்டும்தான் மிச்சம்.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. ‘டிஸ்க் தேய்ஞ்சிருக்கு’ன்னு ரிப்போர்ட்ல பார்த்து பயந்துடாதீங்க. முதுகுவலியே இல்லாத 20 வயசுக்காரங்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, அதில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சது. 80 வயசில் அது 96 சதவீதம். படத்தில் தெரியறதெல்லாம் வலிக்குக் காரணம் இல்லை.

எப்போ யாரையும் தொட விடக் கூடாது?

இதைக் கவனமா கேளுங்க. முதுகுவலியோட ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போறதில் கட்டுப்பாடு போனாலோ, உட்கார்ற இடம் மரத்துப்போனாலோ, கால் திடீர்னு பலமிழந்தாலோ அது அவசரம். அன்னைக்கே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகணும். நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளினா கால் நிரந்தரமா போகலாம்.

கீழே விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்னாடி புற்றுநோய் வந்தவங்களுக்கு வர்ற வலி, ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவங்களுக்கு வர்ற வலி, இதுக்கெல்லாம் முதல்ல டாக்டர்தான்.

நம்ம ஊருக்கு முக்கியமான இன்னொண்ணு, முதுகெலும்புக் காசநோய். டிபி நுரையீரலில் மட்டும் வர்றதில்லை. வாரக்கணக்கா விடாத முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறையுறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா சந்தேகப்படணும். கிருமி அரிச்ச எலும்பை ஒருத்தர் திருகினா எலும்பு நொறுங்கலாம், தண்டுவடம் நசுங்கலாம். ஆனா சரியான நேரத்தில் கண்டுபிடிச்சா இது மருந்தால் குணமாகுற நோய். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

நாளைக்கே வேலைக்குப் போகணுமே?

நம்ம டிரைவருக்கு வருவோம். அவசரமா சொடுக்கு எடுக்கப் போறதுக்குக் காரணம் வலி மட்டும் இல்லை, அன்னன்னைக்குக் கூலி. இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ பிடிச்சாங்கன்னா, காண்ட்ராக்ட் தொழிலாளியா இருந்தாலும், ஈஎஸ்ஐ டாக்டர் சான்றிதழ் கொடுத்தா வருஷத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதுக்கு முன்னாடி குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்கணும், அவ்வளவுதான். கட்டுப் போடுறவர்கிட்டயோ ஆஸ்டியோபதி கிளினிக்லயோ வாங்குற சீட்டு இதுக்குச் செல்லாது. அதனால சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவங்க இருந்தா, 2021 ஆகஸ்டில் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருது.

கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

எல்லாம் கேட்ட பிறகும் ஆஸ்டியோபத்கிட்ட போறீங்களா? போங்க, தப்பில்லை. ஆனா கேளுங்க.

"நீங்க என்ன படிச்சீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்க?" நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

"எத்தனை தடவை வரணும்?" முதல் நாளே இருபது தடவைக்குப் பேக்கேஜ் பேசினா யோசிங்க.

"நான் வீட்டில் என்ன செய்யணும்?" பதில் ‘ஒண்ணும் வேணாம், நான் பார்த்துக்கிறேன்’னா எழுந்து வந்துடுங்க.

"என்ன ஆனா நான் உங்களை விட்டுட்டு டாக்டர்கிட்ட போகணும்?" இதுக்கு உடனே தெளிவா பதில் சொல்றவர் கையில் முதுகைக் கொடுக்கலாம்.

அதுவரைக்கும்? படுத்தே கிடக்காதீங்க. வலி தாங்குற அளவுக்கு நடங்க. ட்ரெய்லர் வரிசை நிக்கும்போது பாதுகாப்பான இடமா இருந்தா இறங்கி ரெண்டு நிமிஷம் நடங்க. ஆபீஸில் இருந்தாலும் அதேதான். முதுகுக்குப் பிடிக்காதது குனியுறது மட்டும் இல்லை, ஒரே மாதிரி இருக்கிறதும்தான்.

இந்த எபிசோடை உங்க வீட்டில் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே வேலைக்குப் போற ஒருத்தருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.