ஊதா விளிம்பும் காவலூர்க் கண்ணாடியும்

சாந்திபுரம் பக்கம் உச்சி வெயிலில் ஒரு தென்னையைக் கீழிருந்து படமெடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் மூலைகளில், வானத்தைத் தொடும் கீற்று நுனிகளில் ஊதாவோ சிவப்போ மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். கீற்றில் இல்லாத நிறம் அது. கண்ணாடி நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் லென்ஸ் வரைவது உண்மையில் அளவு சற்றே மாறிய பல படங்களை, ஒன்றன்மேல் ஒன்றாக.

டிஜிட்டல் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி எண்களாக இருப்பதால், பச்சையை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் இம்மியளவு சுருக்கியோ விரித்தோ பொருத்தினால் அந்த விளிம்பு பெரும்பாலும் மறைந்துவிடும். சந்திரகிரி ராஜமகாலின் நேர்ச்சுவர் அகலக்கோண லென்ஸில் பீப்பாயாக உப்பினாலும் இதே வழிதான். படங்களிலிருந்து அளவெடுக்கும் துறைக்காக டுவேன் பிரவுன் 1966-லும் 1971-லும் எழுதிய சமன்பாடுகள் இதற்கு இன்றும் புழக்கத்தில் உள்ளன. செல்போன் நமக்குக் காட்டுவதே பெரும்பாலும் இப்படி நிமிர்த்திய படத்தைத்தான். இழுத்து நிமிர்த்திய மூலைகளில் கூர்மை கொஞ்சம் குறையும். அதை நான் பெரிய நஷ்டமாக எண்ணுவதில்லை.

ஆனால் ஒளி இடம் மாறாமல், ஒன்றோடொன்று கலந்துவிட்டால்? கோளப்பிறழ்ச்சியில் அதுதான் நடக்கிறது. ஆடியின் விளிம்பில் பட்ட ஒளி ஓரிடத்திலும் நடுவில் பட்டது வேறிடத்திலும் குவிய, புள்ளியாக விழவேண்டிய விண்மீன் வட்டமாகப் பரவுகிறது. 1990-ல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. மூன்றாண்டுகள் கணினியால் சரிக்கட்டினார்கள். பிரகாசமானவை தேறின, மங்கலானவை தேறவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஆடிகளைப் பொருத்திய பிறகே பார்வை தெளிந்தது.

சாந்திபுரத்துக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி இந்தக் குறையை ஒளி ஆடிக்குப் போகும் முன்பே தீர்க்கிறது. பெர்னார்டு ஷ்மிட் 1930 வாக்கில் கண்ட வழி அது: கோள ஆடிக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, ஆடி செய்யப்போகும் பிழைக்கு நேரெதிரான பிழையை அது முன்கூட்டியே செய்துவிடும். 1988-ல் வானியலாளர் ராஜமோகனின் குழு இதில்தான் ஒரு சிறுகோளைக் கண்டு, ராமானுஜன் என்று பெயரிட்டது.

நம் கேமராவில் அப்படியொரு தகட்டைப் பொருத்த முடியாது. நம் கையில் இருப்பது லென்ஸின் திறப்பான அபெர்ச்சர். திருமலை மலைப்பாதை விளக்குகளை இரவில் எடுக்கும்போது ஓரத்து விளக்குகளின் ஒளி பரவிச் சிறகு முளைத்ததுபோல் தெரிந்தால், அபெர்ச்சரை எஃப் 1.8-லிருந்து 4-க்குக் குறைத்து, ஸ்டாண்டில் வைத்து நீண்ட நேரம் திறந்துவையுங்கள். சிறகுகள் வெகுவாகச் சுருங்கிவிடும்.