புல் எண்ணெய் வடிக்க மின்சூடு சீராக இருக்கட்டும்!

விறகடுப்பில் எண்ணெய் வடிப்பவர்கள் விறகைத் தள்ளியும் இழுத்தும் சூட்டைச் சரிசெய்வார்கள். வட சென்னை விம்கோ நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், மாடித் தோட்டத்து எலுமிச்சைப்புல்லை வடிக்க விறகடுப்பு சரிப்படாது, மின்சாரம்தான் வழி. 100 கிலோ பச்சைப் புல்லில் ஏறக்குறைய அரை கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். எனவே சூடு தவறினால் நஷ்டம் உடனே தெரியும்.

தெர்மோஸ்டாட் போதாது

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும், திறந்த வாலையில் வெப்பநிலை உயராது, நீராவிதான் கூடும். தெர்மோஸ்டாட்டை 100-க்குக் கீழே வைத்தால் கொதி நின்றுவிடும். மேலே வைத்தால் ஹீட்டர் அணையவே அணையாது. கட்டுப்படுத்த வேண்டியது வெப்பநிலையை அல்ல, வாட்டை.

2,000 வாட் ஹீட்டர் மணிக்கு அதிகபட்சம் 3 லிட்டர் அளவு தண்ணீரை ஆவியாக்கும். மின்னழுத்தம் 230-லிருந்து 200 வோல்ட்டாகக் குறைந்தால், சூடு கால் பங்கு குறைந்து சுமார் 1,500 வாட்டுக்கு இறங்கிவிடும். மாலையில் வடிப்பு மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம்?

* ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் 1,000 வாட் ஹீட்டர் இரண்டைத் தனித்தனி சுவிட்சுடன் பொருத்துங்கள். கொதிக்கும்வரை இரண்டும், முதல் சொட்டு விழுந்ததும் ஒன்று போதும்.
* நுணுக்கமாகக் குறைக்க, ஹீட்டரைப் போல் இருமடங்கு வாட் தாங்கும் ரெகுலேட்டரை வாங்குங்கள். மின்விசிறி ரெகுலேட்டர் கருகிவிடும். இண்டக்ஷன் அடுப்புக்கு எந்த ரெகுலேட்டரும் கூடாது.
* வடிநீரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளவுக் குவளையில் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறைந்தால் வாட்டைக் கூட்டுங்கள். வடிநீர் சுடச்சுட வந்து வாசனை பரவினால், எண்ணெய் ஆவியாகவே தப்பிப் போகிறது, வாட்டைக் குறையுங்கள்.

பாதுகாப்பு முக்கியம்

ஹீட்டர் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர் வற்றினால் புல் தீய்ந்து எண்ணெயில் கருகல் வாடை ஏறும், ஹீட்டரும் போய்விடும். 16 ஆம்பியர் பிளக், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஆகியவை கட்டாயம். கடலோர உப்புக் காற்றில் இணைப்புகள் அரித்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சரிபாருங்கள். குளிர்விப்பானின் வெளிவாயை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

இந்த வாலை புல்லுக்கும் மூலிகைக்கும் மட்டுமே. வீட்டில் சாராயம் வடிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.